ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று கேட்கிற தம்பிக்கு

சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகு, பிள்ளைகள் தயங்கித் தயங்கி என் மேஜைப் பக்கம் வருவார்கள். டாக்டரிடம் கேட்கக் கூச்சம். மனைவி காதில் விழுந்தால் வம்பு. அதனால் கேள்வி நர்சிடம் வரும். "சிஸ்டர், தினமும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு கட்டிங் போட்டுக்கலாமா?" ஒருவர் பீர் மட்டும் என்பார். இன்னொருவர் கல்யாணம், காதுகுத்து, கருமாதிக்கு மட்டும் என்பார். குடிநோய் வார்டில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். இன்றும் ரேஷன் கடை வரிசையிலோ கோவில் வாசலிலோ என்னை அடையாளம் கண்டுகொள்கிற பிள்ளைகள் கேட்பது இதைத்தான். நின்றபடி பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு வேண்டாம், தம்பி. ஒரு கட்டிங்கும் வேண்டாம், ஒரு மடக்கும் வேண்டாம். முழுசாக விடுவதைவிடக் குறைத்துக் குடிப்பது சுலபம் என்று நினைக்கிறாய். உன் நிலையில் இருப்பதிலேயே கடினமான வழி அதுதான்.

உன்னைப் பயமுறுத்துவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். அளவாகக் குடித்து, கடைசிவரை அளவாகவே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அளவு கூடிப்போய், டாக்டர் ஒருதரம் எச்சரித்ததும் பாதியாகக் குறைத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்குக் குறைக்கச் சொல்லி ஆலோசனை தருவது மருத்துவத்திலும் இருக்கிறது. பலருக்குப் பலனும் தருகிறது. ஆனால் அவர்களுக்குக் காலையில் கை நடுங்கியதில்லை. டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததில்லை. நடுக்கம் நிற்பதற்காகப் பல் துலக்கும் முன்பே ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டதில்லை. குடிக்காத ராத்திரியில் சட்டை நனைய வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தியதில்லை. மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்த பிறகும் கடைப் பக்கம் போனதில்லை. இவற்றில் ஒன்றிரண்டாவது உனக்கு நடந்திருக்கிறது. அதனால்தான் வார்டுக்கு வந்தாய். உடம்புக்குக் கெடுதலே செய்யாத அளவு என்று ஒன்று யாருக்கும் கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் 1988 முதல் மது இருக்கிறது. அது எல்லோருக்குமான எச்சரிக்கை. நான் இங்கே பேசுவது உன் ஒருவனைப் பற்றி.

கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறவர்களை நம் ஊரில் பார்த்திருப்பாய். நீயே போட்டிருக்கலாம். வருஷம் முழுக்கக் குடித்தவர், துளசி மாலை கழுத்தில் ஏறியதும் ஒரு மண்டலம் ஒரு சொட்டும் தொட மாட்டார். விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் படுக்கை. பிள்ளைகள் பயமில்லாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற காலம் அது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய சாயங்காலமே பழைய கூட்டாளிகள் வாசலில் நிற்பார்கள்.

இந்த மாலையை வைத்துத்தான் பிள்ளைகள் என்னிடம் வாதாடுவார்கள். "நான் அடிமை கிடையாது சிஸ்டர். வருஷா வருஷம் ஒரு மண்டலம் இருக்கேன். நினைச்சா நிறுத்திடுவேன்." நிறுத்தினாய், உண்மைதான். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தொடாமல் இருப்பது வேறு, தொட்டுவிட்டு அளவோடு எழுந்து வருவது வேறு. மாலை போட்டிருந்த நாள்களில் உன்னால் முடிந்தது முதலாவது. கழற்றிய அன்று ராத்திரி ஒரு கட்டிங்கோடு வீட்டுக்கு வந்தாயா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாய். குடிக்காமல் இருக்க உன்னால் முடியும் என்று கார்த்திகை காட்டிக்கொடுத்தது. அதே கார்த்திகையைச் சாட்சிக்கு அழைத்து, அளவாகக் குடிக்க முடியும் என்று நீ தீர்ப்பு எழுதுகிறாய்.

அந்த ஒரு மண்டலம் எப்படிச் சாத்தியமாயிற்று என்று யோசித்துப் பார். பக்தி பெரிய காரணம், அதை மறுக்க மாட்டேன். அதோடு, முடிவு ஒரே தடவை எடுத்து முடிந்துவிட்டது. தினமும் ஆறு மணிக்கு, இன்றைக்குப் போடலாமா, போட்டால் எவ்வளவு, நேற்றுப் போடாததற்கும் சேர்த்து இன்று கூட்டிக்கொள்ளலாமா என்று உனக்குள் பேரம் நடக்கவில்லை. ஊருக்கே விஷயம் தெரியும். கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் எந்தக் கூட்டாளியும் கிளாசை நீட்ட மாட்டான். "சாமி, நீங்க போங்க" என்று வழிவிடுவான். வீட்டுச் சமையல் மாறுகிறது, போகிற தெரு மாறுகிறது, சாயங்காலத்துக்குப் பஜனை என்று ஓர் இடம் இருக்கிறது. குறைத்துக் குடிக்கிறேன் என்று கிளம்புகிறவனுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்காது. அதே கடைக்குப் போக வேண்டும், அதே ஆள்களோடு உட்கார வேண்டும், ஒவ்வொரு கிளாசுக்கும் தன்னோடு சண்டை போட்டு ஒவ்வொரு முறையும் ஜெயிக்க வேண்டும்.

அந்தச் சண்டையைப் போடுவது யார் என்பதையும் பார். போதும், எழுந்திரு என்று சொல்கிற வேலை மூளையின் முன்பகுதிக்கு. நாளைக்கு என்ன ஆகும் என்று யோசிப்பதும் அதுதான். மது முதலில் மந்தமாக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. ஆக, இரண்டாவது கிளாஸ் வேண்டுமா என்று முடிவெடுக்கிறவன், காலையில் சத்தியம் செய்த நீ இல்லை. ஒரு கிளாஸ் உள்ளே போன நீ.

நாள்பட்ட குடியில் இன்னொன்றும் நடக்கிறது. மது மூளையை அமர்த்துகிற பொருள். வருஷக்கணக்கில் தினமும் அது வந்துகொண்டிருந்தால், அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் விழிப்பை ஏற்றி வைத்துக்கொள்கிறது. இயல்பாக அமைதி தரும் காபா என்ற வேதிப்பொருளின் வேலை மங்கி, கிளர்ச்சி தரும் குளூட்டமேட்டின் கை ஓங்குகிறது. திடீரென்று மது நின்றுபோனால் ஏற்றி வைத்த அந்த விழிப்பு மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதனால்தான். வார்டில் தந்த மாத்திரை இதைத் தணித்தது. மூளை தன் பழைய சமநிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மறுபடி தொட்டால், பழைய நிலை திரும்புவதற்கு முதல் தடவை போல வருஷங்கள் தேவைப்படாது. கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் கிராஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1976இல் குடி அடிமைநிலையின் அடையாளங்களை வகுத்து எழுதியபோது, விட்டவர் மறுபடி தொட்டதும் சடுதியில் பழைய இடத்துக்கே போய்விடுவதையும் ஓர் அடையாளமாகச் சேர்த்தார்கள். வார்டில் நாங்கள் கண்ணால் பார்த்ததும் அதுதான். மாதக்கணக்கில் தொடாமல் இருந்தவர், மச்சான் கல்யாணத்தில் ஒரே ஒரு கட்டிங் என்று ஆரம்பித்து, அந்த மாதம் முடிவதற்குள் அதே நடுக்கத்தோடு கட்டிலுக்கு வந்து சேர்வார். கூட வந்த அம்மா, "ஆறு மாசம் எவ்வளவு நல்லா இருந்தான் தெரியுமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்.

உன் கேள்வியை டாக்டர்களும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் டி.எல். டேவிஸ் என்பவர், குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற 93 பேரின் பிற்கால நிலையைப் பார்த்துவிட்டு, அவர்களில் 7 பேர் மீண்டும் இயல்பான அளவில் குடிக்கிறார்கள் என்று 1962இல் எழுதினார். மருத்துவ உலகத்தில் அது பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. மேலே சொன்ன எட்வர்ட்ஸ் வெகுகாலம் கழித்து அந்த ஏழு பேரின் கதையையும் மறுபடி விசாரித்து 1985இல் வெளியிட்டார். ஐந்து பேருக்குக் குடியால் கணிசமான தொல்லை இருந்திருக்கிறது. இயல்பாக இருக்கிறார்கள் என்று எழுதப்பட்ட காலத்திலேயே இருந்திருக்கிறது. மற்ற இருவர் சிக்கலில்லாமல் குடித்து வந்திருக்கிறார்கள். அந்த இருவரிலும் ஒருவர் கடுமையான அடிமைநிலைக்கு எப்போதுமே போனவரில்லை. 93 பேரில் தேறியது அவ்வளவுதான். மிச்சமிருக்கும் அந்த ஒருவராக நான் இருக்கக்கூடாதா என்று இப்போது உன் மனசு கேட்கும். கேட்காமல் இருக்காது. அந்தக் குரலைக் கேட்டு எழுந்து போனவர்களுக்குத்தான் நாங்கள் மறுபடி கட்டில் போட்டோம்.

அமெரிக்காவில் ஆட்ரி கிஷ்லைன் என்ற பெண், அளவாகக் குடிக்கப் பழக விரும்புகிறவர்களுக்காக 1994இல் ஓர் அமைப்பையே தொடங்கினார், புத்தகமும் எழுதினார். முற்றிய குடிநோயாளிகளுக்கு இது பொருந்தாது என்பது அந்த அமைப்பின் நிலைப்பாடு. 2000 ஜனவரியில், தனக்கு இனி முழு விலக்குத்தான் வழி என்று சொல்லி அவரே விலகிக்கொண்டார். மார்ச்சில் கடும் போதையில் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வண்டியை ஓட்டி, எதிரே காரில் வந்த ஒரு தகப்பனும் அவருடைய 12 வயது மகளும் இறக்கக் காரணமானார். அளவு பேசியதன் விளைவு என்று ஒரு கட்சியும், அவர்தான் அதை விட்டு விலகிவிட்டாரே என்று இன்னொரு கட்சியும் இதை வைத்து வெகுநாள் வாதாடினார்கள். எந்தக் கட்சியிலும் சேர எனக்கு மனமில்லை. குடிக்கு அளவு வகுத்துப் புத்தகம் எழுதியவராலேயே தன் நோயின் ஆழத்தை நேரத்தோடு கணிக்க முடியவில்லை என்பதை மட்டும் நீ மறக்க வேண்டாம்.

பீர்தானே என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. நம் நாட்டு விஸ்கி, பிராந்தி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 180 மில்லி குவார்ட்டரில் கலப்பில்லாத ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். கட்டிங் என்றால் 30. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில், 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 40 கிராமுக்குச் சற்று மேல். கட்டிங்கை விட்டு அந்த பீருக்கு மாறியவன் குறைக்கவில்லை, கூட்டிக்கொண்டான். இரண்டு பீர் என்றால் குவார்ட்டரையே தாண்டியாயிற்று. பிராண்டை மாற்றுவது, தண்ணீரைக் கூட்டி ஊற்றுவது, ஏழு மணிக்கு மேல்தான் தொடுவேன் என்பது, சம்பள நாளில் மட்டும் என்பது, இந்தச் சட்டங்களை எல்லாம் நீ ஏற்கெனவே போட்டுப் பார்த்தவன். எந்தச் சட்டம் எத்தனை வாரம் நின்றது என்று ஒரு தாளில் எழுது. யாருக்கும் காட்ட வேண்டாம், நீ படித்தால் போதும்.

இதைப் படித்துவிட்டு, இன்னும் ஆஸ்பத்திரிப் பக்கமே வராத ஒரு பிள்ளை இன்று ராத்திரியே வீட்டில் நிறுத்திவிடத் துணியலாம். அவன் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும். தினமும் நிறையக் குடிக்கிறவன் மருத்துவ உதவியில்லாமல் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும். இல்லாதவை கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும், நாடி வேகமாக ஓடும். பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியிடம் அழைத்துப்போய், நேரம் கடந்து எங்களிடம் கொண்டுவந்த குடும்பங்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கான மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். சாப்பாட்டை மறந்து குடித்த உடம்பில் அந்த வைட்டமின் வற்றியிருந்தால் மூளையில் நிரந்தரச் சேதம் ஏற்படலாம். அதனால்தான் குளுக்கோஸ் ஏற்றும் முன்பே அதைப் போடுகிறோம். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிச் சமாளிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். முழுசாக விடு, டாக்டரின் கண்பார்வையில் விடு.

வீட்டுப் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை குடிநோய்க்குப் பயன்படும் என்று 1940களின் கடைசியில் டென்மார்க்கில் கண்டுபிடித்தார்கள். அதைச் சாப்பிடுகிறவர் குடித்தால், மது உடம்பில் முழுசாகச் செரியாமல் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாகத் தேங்கும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். மனமறிந்து சாப்பிடுகிறவருக்கு அது நல்ல துணை. மாத்திரையை விழுங்கிய காலையிலேயே அன்றைய முடிவு எடுத்தாகிவிடுகிறது. அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் பொடித்துப் போடாதீர்கள், அம்மா. தெரியாமல் போட்டு, அவர் வெளியே போய்க் குடித்து, உயிருக்கு மோசம் வந்துவிடும். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். குடிக்கிற ஏக்கத்தைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. கல்லீரல், சிறுநீரகம் இரண்டையும் சோதித்துவிட்டு எது பொருந்தும் என்று டாக்டர் சொல்வார்.

இனி உன் சாயங்காலத்துக்கு வருவோம். முதல் மூன்று மாதம் மாலை போட்டவனைப் போல இரு, தம்பி. கடை இருக்கிற தெரு வழியாகப் போகாதே, சுற்றிப் போனாலும் பரவாயில்லை. சனிக்கிழமை கூலி வாங்கும்போது வீட்டில் யாராவது கூட வரட்டும். இல்லையென்றால் பணத்தை அங்கேயே போனில் வீட்டுக்கு அனுப்பிவிடு. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் கூடவே குடியின் நினைப்பும் வரும் என்றால், கொஞ்ச நாளைக்கு வேறு கிழமையில் கறி எடுக்கச் சொல். ஆறு மணிக்குப் பசியோடு இருக்காதே. வயிறு காயும்போது வருகிற ஏக்கத்தில் பாதி ஒரு தட்டு இட்லியில் அடங்கிவிடும் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் வாரக்கணக்கில் சரியாக வராது. அது இயல்பு என்று தெரிந்துகொள். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் போ.

கூட்டாளிகளிடம் ஒளிக்காதே. குறைத்திருக்கிறேன் என்று சொன்னால் அவர்கள் உன்னோடு பேரம் பேசுவார்கள். "டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார், இனிமே தொடமாட்டேன்" என்று ஒருதரம் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடு. முதல் வாரம் கேலி செய்வார்கள். பிறகு அவர்களுக்கே பழகிவிடும். சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. போ, மாலையைப் போடு, பகலிலேயே திரும்பிவிடு. ராத்திரி தங்க வேண்டிய நெருங்கிய சாவு என்றால் உன் நிலை தெரிந்த ஓர் ஆளைக் கூட வைத்துக்கொள்.

சாயங்காலத்துக்குப் பஜனை போல ஓர் இடமும் வேண்டும் அல்லவா. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் அதற்குத்தான் இருக்கின்றன. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் அது பிறந்தது. இப்போது தமிழிலேயே கூட்டம் நடக்கிறது, கட்டணம் இல்லை, முழுப் பெயரும் ஊரும் சொல்ல வேண்டியதில்லை. இனி ஆயுள் முழுக்கத் தொடமாட்டேன் என்று அங்கே யாரும் உன்னிடம் சத்தியம் வாங்க மாட்டார்கள். இன்று ஒருநாள் தொடாமல் இரு என்பார்கள். ஆயுளை நினைத்து மலைத்துப்போகிற பிள்ளைகளுக்கு அந்த ஒருநாள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் பார்த்திருக்கிறேன். குடும்பமும் சேர்ந்து தேற வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு, 1980இல் சிகிச்சை மையம் தொடங்கினார். குடிக்கிறவரோடு அவர் வீட்டாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. உன் மனைவிக்கும் ராத்திரி தூக்கம் போய் வெகுநாளாயிற்று, தம்பி. அவளுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும்.

இத்தனையும் செய்தும் ஒருநாள் சறுக்கலாம். நல்ல பிள்ளைகளும் சறுக்குவார்கள். அப்போது இரண்டு நினைப்பு வரும். எல்லாம் போச்சு, இனி என்ன, குடித்தே தீர்ப்போம் என்பது ஒன்று. ஒரு கட்டிங்கோடு எழுந்து வந்துவிட்டேனே, அப்படியானால் என்னால் அளவாக இருக்க முடியும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குப் பயம். முதல் நினைப்பு வந்தவன் அழுதுகொண்டாவது திரும்பி வருவான். இரண்டாவது நினைப்பு வந்தவன் மாத்திரையை நிறுத்துவான், கூட்டத்துக்குப் போவதை நிறுத்துவான், பிறகு வலிப்போடு ஆம்புலன்சில் வருவான். சறுக்கிய அன்றே மனைவியிடம் சொல், மறுநாளே டாக்டரிடம் சொல். தொடாமல் இருந்த மாதங்களில் தேறிய கல்லீரலும் தெளிந்த தூக்கமும் ஒரே ராத்திரியில் ஒன்றுமில்லாமல் போய்விடாது. எங்கே சறுக்கினாய், யாரோடு இருந்தாய், சாப்பிட்டிருந்தாயா, யாருடன் சண்டை என்று நாங்கள் கேட்பது திட்டுவதற்கு இல்லை. அடுத்த தடவை எந்தத் தெருவைச் சுற்றிப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கோ, போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணுக்கோ கூப்பிடு. இரண்டுக்கும் காசு கிடையாது. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், கடைசியாக எப்போது குடித்தாய், எவ்வளவு குடித்தாய், இப்போது கை நடுங்குகிறதா, இந்த மூன்றை மட்டும் சொல்லு. மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.